மீன்தொட்டி கேள்வி–பதில்: கப்பிக் குட்டிகள் எங்கே போகின்றன?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு ஜோடி கப்பி, நான்கு ஏஞ்சல், ஆறு ஜீப்ரா டேனியோ இருக்கின்றன. மாதம் தவறாமல் கப்பிக்கு வயிறு பெருக்கிறது. குட்டி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. கடையில் குட்டிப் பெட்டி வாங்கித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அதில் விட்ட தாய் மீன் இரண்டாம் நாளே செத்துவிட்டது.
– வாசகி, திருச்சி

பதில்: ஏஞ்சலின் வயிற்றுக்குத்தான் போகின்றன. அதற்குத் தப்பியதை ஜீப்ரா தின்னும். சமயத்தில் பெற்ற கப்பியே தின்னும். வாயில் நுழையும் எதுவும் அதற்கு இரைதான், தன் குட்டி என்ற கணக்கெல்லாம் கிடையாது.

2×1×1 அடித் தொட்டியின் வெளியளவு 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தேறினால் அதிகம். வளர்ந்த ஏஞ்சலுக்கு அந்த உயரம் போதாது. கடையில் கொடுத்து வேறு மீனாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு ஆணுக்கு ஆறு பெண் என்பதும் தவறு. ஆண் கப்பி நாள் முழுக்கத் துரத்தும். பெண்ணுக்கு இரை எடுக்கவே நேரம் இராது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள்.

குட்டிப் பெட்டியை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளங்கை அகலப் பெட்டியில் நீரோட்டம் இல்லை, ஒளிய இடமில்லை. வெளியே நிற்கும் மீன்களைப் பார்த்தபடி சினை மீன் மிரண்டே கிடக்கும். அந்த மிரட்சியில் குறைப்பிரசவமும் ஆகும், சாவும் வரும். அதற்குப் பதிலாக 15 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று எடுங்கள். பழைய தொட்டித் தண்ணீரையே நிரப்பி, அதே தொட்டியில் சில வாரம் ஓடிப் பழகிய ஸ்பான்ஜ் ஃபில்டரை வையுங்கள். இரண்டு கைப்பிடி ஜாவா பாசியைப் பிரித்து மிதக்க விடுங்கள்.

சினைக்காலம் 22 முதல் 30 நாள். வெப்பம் கூடினால் நாள் குறையும். வயிற்றின் பின்கோடியில் உள்ள கரும்புள்ளி பெரிதாகி, முன்னிருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையாக இல்லாமல் பெட்டிபோல் சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள், கடைசி நேரத்தில் வலை போடாதீர்கள். குட்டி சுருண்டபடி வந்து விழும். ஒரு துள்ளலில் நிமிர்ந்து பாசிக்குள் ஓடும். எல்லாம் வந்ததும் தாயை எடுத்துவிடுங்கள். குட்டிகளுக்கு விரலிடுக்கில் பொடித்த தீவனம் சிட்டிகையளவு, நாளைக்கு நான்கு வேளை. மிஞ்சியதை உறிஞ்சி எடுத்து, இரண்டு நாளுக்கொரு முறை கால் பங்கு நீர் மாற்றுங்கள்.

நான்கைந்து வாரத்தில் ஆண் குட்டியின் அடித்துடுப்பு ஊசிபோலக் கூராகும். அப்போதே பிரித்துவிட வேண்டும். பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும். ஒருமுறை சேர்ந்தால் ஆணே இல்லாமலும் பல ஈற்று போடும். கடையில் வாங்கிய பெண்ணை வைத்து நிறம் காப்பாற்ற முடியாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஜீப்ராவுக்கு வயிறு உப்பியிருக்கிறது, முட்டையை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை.
– வாசகர், மதுரை

பதில்: விடிந்ததும் போட்டிருக்கும், நீங்கள் காபி குடித்து வருவதற்குள் எல்லாம் சேர்ந்து தின்றிருக்கும். ஆண், பெண்ணை ஒரு வாரம் தனித்தனியே வைத்து நன்றாக இரை கொடுங்கள். தனி டப்பில் தரை மறைய இரண்டு அடுக்கு கோலிக்குண்டு பரப்பி, அதன்மேல் 10 செ.மீ. தண்ணீர் விடுங்கள். மாலையில் பெண்ணை விட்டு, இரவில் இரண்டு ஆண் சேருங்கள். காலை வெளிச்சம் பட்டதும் துரத்தல் தொடங்கும். ஒட்டாத முட்டை, நேரே கோலிகளின் இடுக்கில் இறங்கிவிடும். பத்து மணிக்குள் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். டார்ச் அடித்தால் முட்டை கண்ணாடிப் பொட்டுபோல மின்னும். வெள்ளையானது பூசணம் பிடித்தது, சொட்டுக்குழாயால் எடுத்துவிடவும்.

28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும். பிறகு ஓரிரு நாள் குஞ்சு கண்ணாடியில் சிலாம்புபோல ஒட்டி நிற்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஐந்தாம் நாள் வாக்கில் நீந்தும்போது இரை தயாராக இல்லாவிட்டால் மொத்தமும் போகும். பலர் தோற்பது இங்கேதான். ஜோடி சேர்க்கும் நாளிலேயே ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் நான்கைந்து வைக்கோல் துண்டு போட்டு வையுங்கள். முதலில் கலங்கி நாறும். தெளிந்ததும் வெளிச்சத்தில் தூசுபோல நெளிபவை நுண்ணுயிர்கள். அதுதான் முதல் வார இரை.

அடுத்தது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு; முட்டையை வாங்கி நாமே பொரிக்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் முட்டை, அடிவரை காற்றுக்குழாய், 24 மணி நேரம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே டார்ச் வெளிச்சத்தில் கூடும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசியே போடுங்கள்.

கேள்வி: புதுத் தொட்டி, மூன்றாவது வாரம். மீன் சாகச் சாக முழுத் தண்ணீரையும் மாற்றி, ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறேன். நிற்கவில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: கழுவியதுதான் கேடு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஜில்தான் குடியிருக்கிறது. அது நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் தண்ணீரில் கழுவும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இலேசாகப் பிழிந்தால் போதும். நாளுக்குக் கால் பங்கு நீர் மாற்றம், குளோரின் நீக்கி கட்டாயம், இரை ஒருநாள் விட்டு ஒருநாள். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரிலும் வெயில் காலத்திலும் அம்மோனியாவின் நஞ்சு ஏறும். புது மீன் இப்போது வேண்டாம்.

கேள்வி: மே மாதம் தண்ணீர் 33 டிகிரி, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. ஐஸ் போடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: கூடாது, அதிர்ச்சியில் சாகும். 25 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மி.கி. ஆக்சிஜன் தாங்கும்; 33 டிகிரியில் 7.2தான். மூடியைத் திறந்து, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பை உரசும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: கப்பி பெருகிவிட்டது. ஊர் ஏரியில் விடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். கப்பி தென் அமெரிக்க மீன். நம் நீர்நிலையில் சேர்ந்தால் உள்ளூர்ச் சிறுமீன்களின் இரைக்குப் போட்டியாகும், அவற்றின் குஞ்சையும் தின்னும். கடைக்காரரிடம் கொடுத்தால் தீவனப் பாக்கெட்டாவது தருவார்.