எட்டு பார் எழுதுங்கள், அச்செடுத்துக் கொண்டு போங்கள்

கேள்வி: ஆறு வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். சர்ச்சிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வாசிப்பதுண்டு. இப்போது சொந்தமாக இசையமைக்க ஆசை. கிட்டாருடன் வாசிக்க 16 பார் (தாளக் கட்டம்) எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது, எடுத்து வாசித்தால் எனக்கே வரவில்லை. சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் 30 வருடம் சாக்ஸபோன் வாசித்தவர், இசையமைத்ததில்லை. மற்றவர் இசையமைப்பாளர், சாக்ஸபோனைத் தொட்டதில்லை. இரண்டும் ஆன்லைன் வகுப்புதான். யாரிடம் போகட்டும்? ராகத்தில் எழுதவும் விருப்பம் உண்டு.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இருவரிடமும் போங்கள். ஆனால் முதல் மூன்று மாதம் வாசிப்பவரிடம் மட்டும். ஏன் என்பதற்கு நீங்கள் அனுப்பிய பக்கமே சாட்சி.

கிட்டார்காரருக்கு வசதி என்று இ மேஜரில் எழுதியிருக்கிறீர்கள். ஆல்டோ இ பிளாட் வாத்தியம். தாளில் ஸி இருந்தால் காதில் விழுவது அதற்கு ஒரு மேஜர் சிக்ஸ்த் கீழே இருக்கும் இ பிளாட். அந்தக் கணக்கில் கிட்டாரின் இ மேஜர் உங்கள் தாளில் ஸி ஷார்ப் மேஜராகி, ஏழு ஷார்ப்போடு (சுரத்தை அரை சுரம் ஏற்றும் குறி) உட்கார்ந்திருக்கிறது. சாஃப்ட்வேருக்கு ஏழு ஷார்ப்பும் ஒன்றுதான், ஒரு ஷார்ப்பும் ஒன்றுதான். விரலுக்கு அப்படியில்லை.

11ஆவது பாரைப் பாருங்கள். நடு ஸி ஷார்ப், டி ஷார்ப் இரண்டையும் மாறி மாறி வேகமாக எழுதியிருக்கிறீர்கள். ஸி ஷார்ப்புக்கு எல்லா விரலும் மேலே, எந்தக் கீயும் அழுத்துவதில்லை. டி ஷார்ப்புக்கு இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று, வலது சுண்டுவிரல், போதாததற்கு ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் ஆக்டேவ் கீ. ஒவ்வொரு முறையும் எட்டு விரல் ஒரே நொடியில் இறங்கி ஏற வேண்டும். ஒன்று பிந்தினாலும் நடுவில் ஒரு கீச்சு. ஒலியும் ஒட்டாது: விரல் இல்லாத ஸி ஷார்ப் மெலிந்து கேட்கும், டி ஷார்ப் கனத்து அடைத்தாற்போல் வரும். உள்ளங்கைக் கீகளை வைத்து இதைச் சமாளிக்கும் மாற்று விரல் முறைகள் உண்டு. அனுபவஸ்தரிடம் கேட்டால் காட்டுவார். ஆனால் இங்கே அதற்கே தேவையில்லை.

கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டச் சொல்லுங்கள். அவர் விரல் பழைய இ மேஜரிலேயே இருக்கும், ஒலிப்பது எஃப் மேஜர். உங்கள் தாள் டி மேஜராக மாறும், ஏழு ஷார்ப்புக்குப் பதில் இரண்டு. 11ஆவது பாரில் இப்போது வருவது டி, இ. இரண்டுக்கும் ஆக்டேவ் கீ அழுத்தியபடியே இருக்கும், வலது மோதிரவிரல் ஒன்றைத் தூக்கி வைத்தால் போதும். அரை சுரம் நகர்ந்ததில் வாசிக்க முடியாத இடம் விளையாட்டாகிவிட்டது. இது எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. வாத்தியத்தைக் கையில் வைத்திருப்பவர் தாளைப் பார்த்த பத்தாவது நொடியில் சொல்லிவிடுவார்.

தொடக்கத்தில் கீழ் ஏ ஷார்ப்பை மிக மென்மையாக வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது வாத்தியத்தின் கடைசி சுரம், பி பிளாட். கேப்போ போட்ட பிறகும் கீழ் பி தான். குழாயின் எல்லாத் துளையும் மூடி, முழு நீளக் காற்றும் அசைந்தாக வேண்டிய இடம் அது. மெதுவாக ஊதினால் ஒன்று சத்தமே வராது, அல்லது ஒரு ஸ்தாயி மேலே துள்ளிவிடும். சப்டோன் என்று தாடையைத் தளர்த்தி வாசிக்கும் வழி இருக்கிறது. டெனர் சாக்ஸபோனில் அழகாக வரும், ஆல்டோவில் நல்ல பழக்கம் வேண்டும். அந்த பாரைக் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது பாரில் நீங்கள் நுழைவதுதான் எங்கள் யோசனை.

மூன்றாவது பார் முதல் எட்டு வரை இடைவெளியே இல்லை. டெம்போ நிமிடத்துக்கு 60 பீட், பாருக்கு நாலு பீட். ஒரு பாருக்கு 4 நொடி, ஆறு பாருக்கு 24 நொடி. கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டாது. உங்களுக்கு முட்டும். மெதுவான மெட்டில் ஒரு மூச்சுக்கு எட்டிலிருந்து பத்து நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இரண்டு பாருக்கு ஒரு தரம், கோட்டுக்கு மேலே கமா போல மூச்சுக்குறி. அதற்கு முந்தின சுரத்தின் நீளத்தைக் கொஞ்சம் வெட்டியே எழுதுங்கள். வெட்டாமல் கமா மட்டும் போட்டால் வாசிப்பவர் அடுத்த பீட்டைத் திருடித்தான் மூச்சு எடுப்பார்.

இனி வகுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். வாரா வாரம் போனால் திருத்தி எழுத நேரம் இருக்காது. ஒரு வகுப்புக்கு எட்டு பாருக்கு மேல் கொண்டு போகாதீர்கள், ஆனால் அதே எட்டு பாரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் போங்கள். முழுப் பாட்டைக் கொடுத்தால் "நல்லாயிருக்கு தம்பி" என்ற பதில்தான் வரும். மூன்று விதத்தைக் கொடுத்தால் எது விரலுக்கு வருகிறது, ஏன் என்று பேச்சு தொடங்கும். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே தாளை அனுப்பிவிடுங்கள், ஆனால் கம்ப்யூட்டர் ஒலியை அனுப்ப வேண்டாம். அதைக் கேட்டுவிட்டால் அவரும் உங்கள் மனதில் இருப்பதை ஊகித்து வாசிப்பார், தாளில் இருப்பது மறைந்துவிடும்.

தாள் ஏ4 அளவு, பார் எண், டெம்போ எண், சத்தக் குறிகள், தலைப்பில் 'ஆல்டோ சாக்ஸ், இ பிளாட்' என்ற வரி. மொத்த ஸ்கோரைக் கிட்டாரின் சுருதியில் வைத்திருந்தால் அதிலும் 'கன்ஸர்ட் பிட்ச்' என்று எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டு, வாசிப்பவர் ஸ்கோரைப் பார்த்து வாசித்து, அரை மணி நேரம் 'எங்கேயோ இடிக்குதே' என்று போவது அடிக்கடி நடப்பது.

அவர் வாசிக்கும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே தயங்குகிறார், எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த சுரத்தில் புருவம் சுருங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தரம் வாசிக்கும்போதும் அதே இடத்தில் தயங்கினால் கோளாறு தாளில் இருக்கிறது.

ஆன்லைன் என்பதால் ஒரு எச்சரிக்கை. வீடியோ அழைப்பு ஆப்கள் பேச்சுக்காகச் செய்தவை. நீண்டு நிற்கும் சாக்ஸபோன் சுரத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதி இருக்கிறது, இரண்டு பக்கமும் அதைப் போடுங்கள். அப்படியும் ஒலி தாமதமாகத்தான் வரும், சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசித்ததைத் தன் போனிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அதில்தான் நம்பலாம். கட்டணம் வகுப்புக்கு எவ்வளவு, இடையில் தாள் பார்க்க எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நான்காவது மாதம் இசையமைப்பாளர். அவர் சாக்ஸபோன் வாசிக்காதது குறையே இல்லை. சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் சென்னையில் கர்நாடக இசை கற்றது டி.வி. கோபாலகிருஷ்ணனிடம். அந்த குருவோ வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் பெயர் பெற்றவர். உங்களுக்கு இசையமைப்பாளரிடம் வேண்டியது விரல் அல்ல: ஒரு கருவை எத்தனை முறை திருப்பலாம், எங்கே நிறுத்த வேண்டும், கிட்டார் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது. முதல் பயிற்சியாக, துணை வாத்தியம் இல்லாமல், ஐந்தே சுரத்தில் ஒரு நிமிடத்துக்கு எழுதச் சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இருவரும் ஒத்துப்போகாத நாள் வரும். ஒருவர் "கஷ்டம், எடு" என்பார், மற்றவர் "அதுதான் உயிர், இருக்கட்டும்" என்பார். வாசிப்பவரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: முடியவே முடியாதா, பழகினால் வருமா? பழகினால் வரும் என்றால் வைத்துக்கொண்டு, எளிய மாற்று வரியைச் சின்ன எழுத்தில் மேலே கொடுக்கலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ழாக் இபேர் 1935இல் சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷருக்காக எழுதிய கான்செர்ட்டினோவில் (வாத்தியக்குழுவோடு வாசிக்கும் சிறு கான்செர்ட்டோ) வழக்கமான எல்லைக்கு மேலே போகும் இடங்கள் உண்டு. ராஷர் அந்த உச்ச சுரங்களில் கைதேர்ந்தவர். மற்றவர்கள் கீழ் ஸ்தாயியில் வாசிக்கவும் இபேர் வழி விட்டிருக்கிறார்.

ராகத்தில் எழுத, முதலில் ஷட்ஜத்தை எங்கே வைப்பது என்று தீர்மானியுங்கள். உங்கள் தாளின் ஜி ஷட்ஜமானால் சுருதிப்பெட்டியில் 6½ கட்டை. கீழே மந்தர சாதாரண காந்தாரம் வரை இறங்கலாம், மேலே எஃப் வரை போனால் தார கைசிகி நிஷாதம். தாராளமான இடம். டி-யை ஷட்ஜமாக்கினால் 4 கட்டை, ஆனால் கீழே சுத்த தைவதத்தோடு வாத்தியம் முடிந்துவிடும், மந்தர பஞ்சமம் கிடைக்காது. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் தார பஞ்சமத்துக்குக் கீ கிடையாது. பக்கவாத்தியக்காரர்களிடம் கட்டையை முன்கூட்டியே சொல்லுங்கள், மிருதங்கம் அதற்கேற்ப வர வேண்டும்.

கமகத்தைக் கோட்டில் எழுதித் தீர்க்க முயலாதீர்கள். தாடையைத் தளர்த்தினால் சுரம் கீழே சரியும், இறுக்கி மேலே தள்ளுவது மிகக் கொஞ்சமே முடியும். ஆகவே மேல் சுரத்தின் விரலை வைத்துக் கீழே இழுக்கும்படி சங்கதியை அமையுங்கள். மேல் ஸ்தாயியில் இழுப்பு நீளமாக வரும், அடி சுரங்களில் அசையவே அசையாது. கோட்டுக்குக் கீழே ஸ்வரத்தை எழுதி, நீங்களே பாடிப் பதிவு செய்து தாளோடு அனுப்புங்கள். கம்ப்யூட்டர் ஒலி வேண்டாம் என்றோம், உங்கள் குரல் போகலாம்.