வலை கட்டிய மனைக்குள் ஊசி ஈ எப்படி வந்தது?

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்பெரியும் ஒன்றரை ஏக்கர் கரும்பும் இருக்கிறது. பட்டுப்புழு இப்போது ஐந்தாம் பருவம், நாலாம் நாள். நிறையப் புழுக்களின் மேல் கறுப்புப் புள்ளி. புழு வளர்க்கும் மனை முழுக்க நைலான் வலை கட்டியும், பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ பறக்கிறது. போன கூட்டை விற்றுப் பத்தே நாளில் இந்தப் புழுவை இறக்கினோம். காய்ந்த கரும்புக் குருத்தைப் பிளந்தால் அதற்குள்ளும் பழுப்பு நிறக் கூண்டுப்புழு. பாட்டிலில் போட்டு வைத்தேன், உடம்பெல்லாம் முள்மயிர் விறைத்த அதே மாதிரி ஈ வந்தது. ஒரே மருந்தை மனையைச் சுற்றியும் கரும்புக்கும் அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: இரண்டு இடத்திலும் அடிக்காதீர்கள், அம்மா. பட்டுப்புழுவும் பூச்சிதான், மனையைச் சுற்றி அடிக்கும் மருந்து ஈயை மட்டும் தேடிப்போய்க் கொல்லாது. இதுகூடத் தெரியாமல் மருந்து விற்பவரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது.

புள்ளி விழுந்த புழுவுக்குள் ஈயின் புழு இறங்கிவிட்டது, அதைக் காப்பாற்ற வழியில்லை. அவற்றைப் பொறுக்கித் தனியாக வையுங்கள். கூடு கட்டினால் அந்தக் கூட்டையும் தனியாகவே எடுங்கள். ஈப்புழு துளைத்து வெளியேறிய கூட்டில் நூல் எடுக்க முடியாது.

எந்த மருந்து என்று கேட்டீர்கள். வலைக்குள் ஈ எப்படி வந்தது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அது வெளியிலிருந்து வரவில்லை, போன தடவையே உள்ளே இருந்தது. ஈப்புழு பட்டுப்புழுவை விட்டு இறங்கி, ஒரே நாளில் தரை வெடிப்பிலும் சுவர் மூலையிலும் கூண்டுப்புழுவாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ. நீங்கள் புழு இறக்கிய நேரமும் அதுதான். ஈயையும் புழுவையும் ஒரே வலைக்குள் வைத்து மூடியிருக்கிறீர்கள்.

நான் ஊர் ஊராகச் சொல்லி வருவது ஒன்றுதான்: விளக்குமாறும் சோப்புத் தண்ணீரும். புழு முற்றிய நாளிலிருந்து கூடு விற்கும்வரை காலையும் மாலையும் தரையைக் கூட்டி, கிடைக்கும் ஈப்புழுவையெல்லாம் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். கூடு வைத்த சாக்கையும் உதறிப் பாருங்கள். 1980இல் இந்த ஈ கர்நாடகத்துக்குள் நுழைந்ததே மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூடுகளோடுதான். கூட்டு மூட்டையில் ஒளிந்து வந்த பூச்சியை இன்னும் மூட்டையிலேயே ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கூண்டுப்புழுவைத் தாக்கும் நெசோலிங்ஸ் தைமஸ் என்ற குட்டிக் குளவியும் உண்டு. பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் கூட்டாத தரையில் குளவியை மட்டும் விட்டுப் பயனில்லை.

இனி கரும்பு. பாட்டிலில் போட்டுப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். குருத்துக்குள் கிடைத்ததால் அது பெரும்பாலும் கரும்பின் குருத்துப்புழுவைத் தின்னும் ஸ்டர்மியாப்சிஸ் என்ற ஈ. டாக்கினிடே என்ற இந்த ஈக்குடும்பத்தில் 8,000க்கும் மேற்பட்ட இனங்கள், நான்கு உட்குடும்பங்கள். ஒன்று நாவாய்ப்பூச்சிகளைத் தாக்கும். இன்னொன்றில் பல இனங்கள் வண்டுப்புழுவைத் தேடிப்போகும். உங்கள் ஈக்கள் இரண்டுமே எக்சோரிஸ்டினே என்ற ஒரே உட்குடும்பம், பிழைக்கும் விதம்தான் வேறு. ஊசி ஈ முட்டையைப் பட்டுப்புழுவின் தோலிலேயே ஒட்டும். ஜப்பானில் இன்னொரு ஈ மல்பெரி இலையில் பொடி முட்டை இட்டு, பட்டுப்புழு அதைத் தின்னும்வரை காத்திருக்கும். ஸ்டர்மியாப்சிஸோ குருத்துப்புழு துளைத்த இடத்தருகே உயிருள்ள குஞ்சுப்புழுவையே போடும். அது ஊர்ந்து துளைக்குள் போய் உங்கள் எதிரியைத் தின்னும். நட்ட 30ஆம் நாளும் 45ஆம் நாளும் ஏக்கருக்கு 125 சினை ஈக்களை விடச் சொல்லிப் பரிந்துரையே இருக்கிறது. உங்களுக்கு அது இலவசமாக வந்திருக்கிறது. அதைக் கொல்லக் காசு கேட்கிறார் கடைக்காரர். பிளந்த குருத்துகளையும் எரிக்காமல், ஈ வெளியேறும்வரை வரப்பில் போட்டு வையுங்கள்.

மனையை இந்தக் கூடு இறக்கியதும் கழுவி, வெடிப்பு அடைத்து, குறைந்தது மூன்று வாரம் காலியாக விடுங்கள். அந்த நாட்களில் வலைக்குள் பறக்கும் ஈக்களைக் கண்டதும் கையால் அடித்துக் கொன்றுவிடுங்கள்.