தூர்வாரிய பின்னும் கண்மாய் நிரம்பாதது ஏன்?

வணக்கம். மதுரைப் புறநகரில் உங்கள் குடியிருப்பை ஒட்டிய கண்மாயைத் தூர்வாரிக் கரையை உயர்த்திய பின்னும் ஐப்பசி மழைக்கு அது கால்வாசிகூட நிரம்பவில்லை என்றும், ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் ஏறவில்லை என்பதால் இன்னும் ஆழப்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து; குறை ஆழத்தில் அல்ல, நீர் வந்து சேரும் வழியில் இருக்கலாம்.

நம் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் தனித்தவை அல்ல. மேல் கண்மாய் நிரம்பியதும் அதன் கலுங்கில் (மிகைநீர் வெளியேறும் கட்டுமானத்தில்) வழியும் நீர் கீழ்க் கண்மாய்க்கு வருவதே பழைய ஏற்பாடு. ஆகவே கிராம வரைபடத்தையும் நிலங்களின் சர்வே எண்ணும் வகையும் குறித்த 'அ' பதிவேட்டையும் பெற்று, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று அறிந்து, மேல் கண்மாய் வரை நடந்து பாருங்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் சிமெண்ட் குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாலே சிறுமழை நீர் அங்கேயே தேங்கிவிடும். இதைக் கண்டறியக் கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயான டியூப் லெவல் போதும். மாரியம்மன் தெப்பக்குளத்துக்கும் வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியாகத்தான் வருகிறது; அந்த வரத்து இன்றி வறண்டு கிடந்த காலத்தில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடியதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கால்வாயில் சாக்கடை இணைப்புகள் இருந்தால் அவற்றை முதலில் துண்டிக்கச் செய்யுங்கள். இல்லையேல் அந்தக் கழிவே உங்கள் கிணறுகளுக்கு இறங்கும்.

ஆக்கிரமிப்பு இருந்தால், கண்மாய் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்னதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், பின்னதற்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் பொருந்தும். நில அளவையருடன் கூட்டாக அளக்கக் கோரி, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.