ஒரே ஒரு 100 வாட் சோலார் பேனலை நானே மாட்டி ஃபேன், லைட் ஓட்ட முடியுமா?

முடியும், ஆனால் முதலில் கணக்குப் போடுங்கள். 100 வாட் என்பது உச்சி வெயிலில், அதுவும் பேனல் சூடேறாமல் இருந்தால் வருவது. நல்ல வெயில் நாளில் இழப்பெல்லாம் போக சுமார் 300 வாட்-மணி கையில் நிற்கும், அதாவது 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) எட்டு மணி நேரம், கூடவே இரண்டு 5 வாட் எல்இடி பல்புகள் ஆறு மணி நேரம், அவ்வளவுதான். அயர்ன் பாக்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள்.

பலர் சறுக்குவது பேனலை நேரடியாக பேட்டரியில் கொடுத்துத்தான். 12 வோல்ட் பேனல் என்பது பெயருக்குத்தான், சுமை இல்லாதபோது 22 வோல்ட் வரை காட்டும், பேட்டரி கொதித்துக் கெட்டுப்போகும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு விடும் கருவி, கட்டாயம். அதில் பேட்டரியை முதலில் இணையுங்கள், அப்புறம்தான் பேனல்; கழற்றும்போது பேனலை முதலில். லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் வடிய விடாதீர்கள்.

பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, சரி, ஆனால் ஷார்ட் ஆனால் வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடித்துவிடும்.