தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் கற்பது எப்படி? செய்தித்தாள், கவிதை படிப்பது உதவுமா?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, வேலைக்குப் போன இடத்தில் நாலு பேர் ஆங்கிலத்தில் பேசினால் ஓரமாக நிற்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். அப்பா கடலுக்குப் போனவர். 2001இல் புதுச்சேரியில் கைவினைப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஃபேக்ஸைப் படித்து முதலாளிக்கு விஷயத்தைச் சொல்வதும் என் வேலை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "வீ வேர் டேக்கன் அபேக் பை யுவர் நியூ ரேட்ஸ்" என்று எழுதியிருந்தார். டேக்கன் தெரியும், பேக் தெரியும், ரேட்டும் தெரியும். "புது ரேட்டை எடுத்துக்கிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை நம்பிச் சரக்கைக் கட்டச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து ஆர்டர் ரத்து என்று தகவல் வந்தது. பழைய ஃபேக்ஸை வாங்கி அவரே படித்துப் பார்த்தார். "தமிழ் மீடியமா? சேரும்போதே சொல்லியிருக்கலாமே" என்றார், பேக்கிங் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும். சம்பளத்தில் பிடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறாமல் நேரே ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போனேன். 1827இல் தொடங்கிய நூலகம் அது. பெரிய அகராதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், டேக்கன் அபேக் என்றால் திடுக்கிட்டுப் போவது என்று இருந்தது. கீழே இன்னொரு குறிப்பு. பாய்மரக் கப்பலில் காற்று பாயின் தப்பான பக்கத்தில் அடித்து, பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு கப்பல் நின்றுபோவதிலிருந்து வந்த தொடராம். படித்தேன், மனதில் ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் தினத்தந்தி படிப்பார். ஆனால் இன்ஜின் வருவதற்கு முன்னால், பாய் கட்டிக் கடலுக்குப் போன தலைமுறை. வலை பின்னுகிற ஊசியை இடது கையில் செங்குத்தாகப் பிடித்தார். "இது மரம்னு வச்சுக்க." தோள் துண்டின் முனையை ஊசியின் தலையில் மாட்டிவிட்டார். பின்னாலிருந்து ஊதினார், துண்டு முன்பக்கம் புடைத்தது. அப்புறம் முன்னாலிருந்து ஊதினார். துண்டு ஊசியோடு ஒட்டிச் சுருண்டுகொண்டது. "காத்து திடீர்னு திரும்பிச்சுன்னா இப்படித்தான்டா. போட்டு போவாது, பின்னால தள்ளும். அந்த நேரத்துல கையும் ஓடாது காலும் ஓடாது."

கையும் ஓடாது காலும் ஓடாது! அகராதி கொடுத்த பொருளைவிட அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. வாழ்நாளுக்கும் அந்தத் தொடர் எனக்கு மறக்காது.

அதன்பிறகு கடல் தொடர்களாகவே தேடித் தேடி அவரிடம் கொண்டுபோனேன். 'லேர்ன் தி ரோப்ஸ்' என்றால் தொழில் பழகுவது, எந்தக் கயிறு எதற்கு என்று தெரிந்துகொள்வது. 'பை அண்ட் லார்ஜ்' என்பதில் 'பை' காற்றை எதிர்த்து ஓட்டுவது, 'லார்ஜ்' காற்று பின்னாலிருந்து தள்ள ஓட்டுவது. இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற கப்பல் என்பதிலிருந்து 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருள் வந்துவிட்டது. 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்று சொன்னபோது அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இப்போது அங்கே இரட்டைப் படகைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று படத்தைக் காட்டியதும், "ரெண்டு போட்டைச் சேர்த்துட்டா கட்டுமரமா?" என்று கோபித்துக்கொண்டார்.

கவிதைக்கு வருகிறேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பத்து ரூபாய்க்கு ஒரு மெல்லிய புத்தகம் வாங்கினேன். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கிழட்டு மாலுமியின் பாட்டு, 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்'. ஒரு மாலுமி ஆல்பட்ராஸ் என்கிற கடல் பறவையைக் காரணமே இல்லாமல் அம்பெய்து கொன்றுவிடுகிறான். காற்று நின்று, கப்பல் நகராமல், குடிநீர் இல்லாமல் தவிக்கிறார்கள். மற்றவர்கள் செத்த பறவையை அவன் கழுத்திலேயே தொங்கவிடுகிறார்கள். இன்றைக்கும் இறக்கிவைக்க முடியாத சுமையை 'கழுத்தில் ஆல்பட்ராஸ்' என்கிறார்கள். பட்டியலில் படித்தால் இது நாலாவது நாள் மறந்துவிடும். கதையோடு படித்தவனுக்கு மறக்குமா?

அதிலே ஒரு வரி: "தி ஃபேர் ப்ரீஸ் ப்ளூ, தி வைட் ஃபோம் ஃப்ளூ, தி ஃபர்ரோ ஃபாலோட் ஃப்ரீ". சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நமக்கு மோனை சொல்லியா தர வேண்டும்? ஃபர்ரோ என்றால் ஏர் உழுத சால். கப்பல் கடலை உழுதுகொண்டு போக, அதன் சால் பின்னாலேயே வருகிறது. தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்து பழகிய காது நமக்கு. அந்தக் காது இங்கே அப்படியே உதவுகிறது.

2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு குடிதண்ணீர் லாரிக்கு நின்றுகொண்டிருந்தேன். "வாட்டர், வாட்டர், எவ்ரிவேர், நார் எனி ட்ராப் டு ட்ரிங்க்" என்று வாய் தானாகச் சொன்னது. எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்கத்தான் ஒரு சொட்டும் இல்லை என்கிற, அதே பாட்டின் வரிதான். பலரும் அதை 'நாட் எ ட்ராப்' என்று மாற்றிச் சொல்வார்கள். 'நார்' என்ற சொல்லை எங்கே போடுவது என்று இலக்கணப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த வரிக்கு அப்புறம்தான் அது கைக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போகிறேன் என்றாலே எங்கள் ஊரில் ஒரு பார்வை பார்ப்பார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழைய புத்தகத்துக்குத்தான் போய் வருகிறேன். திரும்பும்போது போலீஸ்காரர்கள் பைக்கை நிறுத்திப் பையில் மது பாட்டில் இருக்கிறதா என்று துழாவுவார்கள். ஒருமுறை புத்தகங்களை ஈரத் தரையில் கொட்டினார்கள். பாட்டில் இல்லை என்று தெரிந்ததும் "போ" என்றார்கள். எடுத்துக்கூடத் தரவில்லை. மாமனார் வீட்டில் இன்னும் நான் பாண்டிக்குக் குடிக்கப் போகிறவன்தான். பாரதியார் 1908 முதல் பத்து வருஷம் இருந்து எழுதிய ஊர் அது. அந்தப் பெயரைக் கேட்டதும் பாட்டில் மட்டுமே ஞாபகம் வருவது எனக்கு ஆறாத வருத்தம்.

பாரதியார் என்றதும் இன்னொன்று. "தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் கவிதை எதற்கு" என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஷெல்லி என்கிற ஆங்கிலக் கவிஞரின் பெயரைச் சேர்த்து ஷெல்லிதாசன் என்று அவர் தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அதனால் அவர் தமிழ் என்ன குறைந்துவிட்டது? பட்டியலை மனப்பாடம் செய்தே போட்டித் தேர்வில் தேறியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஃபேக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய நிமிடத்தில் பட்டியல் எனக்குக் கைகொடுக்கவில்லை. 'கம்பி நீட்டிவிட்டான்' என்பதை ஒரு வெளியூர்க்காரர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன புரியும்? நான் செய்ததும் அதேதான்.

நான் தினமும் செய்வது இவ்வளவுதான். ஒரே செய்தியை முதலில் தமிழ்ப் பேப்பரில் படிப்பேன், பிறகு ஆங்கிலப் பேப்பரில். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லை மட்டும் கவனிக்க முடிகிறது. புதிய தொடர் வந்தால் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுவேன், அர்த்தத்தை மட்டும் தனியாக எழுத மாட்டேன். கவிதையிலிருந்து இலக்கணம் கற்காதீர்கள், அங்கே சொற்கள் முன்பின்னாக நிற்கும். பழைய சொற்களான 'தௌ', 'ஹாத்' போன்றவற்றை ஆபீஸ் மெயிலில் போட்டுவிடவும் வேண்டாம். வரி முடிவில் வரும் இயைபை வைத்து உச்சரிப்பைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஆனால் லவ், மூவ் மாதிரி எழுத்து ஒன்றாகவும் ஓசை வேறாகவும் இருக்கிற ஜோடிகளும் வரும். சந்தேகம் வந்தால் அகராதிச் செயலியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நான் சொன்ன பாட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் ஏழு பகுதி. மலைப்பாக இருந்தால் இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபர்ரோ, தண்ணீர் வரி, கழுத்தில் பறவை மூன்றும் அதில்தான் வருகின்றன. வீட்டில் யாராவது கடலோ வயலோ தெரிந்தவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.