பதில்: கழிப்பறைக்கு நிதி இல்லை என்கிறார் கல்லூரி முதல்வர்

தம்பி, திருநம்பியான உங்களை ஆண்கள் கழிப்பறையில் கேலி செய்கிறார்கள், பெண்கள் பக்கமும் போக முடியவில்லை, முதல்வரோ 'புதுசா கட்ட நிதி இல்லை' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நிதி வெறும் சாக்கு. ஒருவர் மட்டும் போய்த் தாழ்ப்பாள் போடும் அறை பல கல்லூரிகளில் உண்டு, ஆசிரியர்களுக்கென்று பூட்டிக் கிடக்கும். பலகையில் 'அனைவருக்கும்' என்று எழுதினால் முடிந்தது வேலை. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022-இல் ஏற்கெனவே இருந்த கழிப்பறையைத்தான் பாலினப் பொதுவாக அறிவித்தது.

வாயால் கேட்டது போதும். மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 'அவர் யார்?' என்றே மனுவைத் தொடங்குங்கள். (அன்றைக்குத்தான் அவசரமாகத் தேடுவார்கள்!) திருநரின் உரிமைகளை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் குறிப்பிடுங்கள்.

'திருநருக்கு மட்டும்' என்று பலகை மாட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நுழையும் ஒவ்வொரு முறையும் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை என்றீர்களே, அது வேண்டவே வேண்டாம். சிறுநீர்த் தொற்று வரலாம். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பூட்டிய கழிப்பறையின் சாவியை நாளைக்கே கேளுங்கள்.