தலைக்காயத்துக்குப் பிறகு ஆக்சிஜன் அறை: கேள்வி பதில்

தலைக்காயம் பட்டு மாதக்கணக்காகியும் தலைவலி, மறதி, தலைசுற்றல் விடாமல் அவதிப்படுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. ஆக்சிஜன் அறை, அதாவது அழுத்த அறை என்பது, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் மூடிய அறை. அதில் பல வருடம் நோயாளிகளைக் கவனித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சார், என் தம்பி வண்டியிலிருந்து விழுந்து 14 மாதம் ஆகிறது. ஸ்கேன் நார்மல். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினாலே எழுந்து போய்விடுகிறான். 40 சிட்டிங் ஆக்சிஜன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

முதலில் தம்பி சொல்வதை நம்புங்கள். மூளையின் நுண்ணிய நரம்பிழைகளில் ஏற்படும் பாதிப்பு சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, என் தம்பியாக இருந்தால் இதை முதலில் செய்ய மாட்டேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்கப் படைவீரர்கள் 72 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் 1.5 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன், 40 சிட்டிங். இன்னொரு குழு அதே அறையில் 1.2 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். அறைக்குள் போன இரண்டு குழுவுமே தேறின, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு. 2018இல் 71 பேரிடம் செய்த ஆய்வில் 13 வாரத்தில் ஆக்சிஜன் குழு கொஞ்சம் முந்தியது. ஆறு மாதத்துக்குள் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

வெறும் காற்றுக்கே தொந்தரவு குறைந்ததென்றால், அந்த லேசான அழுத்தமும் மருந்துதானே?

இந்தச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. வேறோர் ஆய்வில் எல்லோரையுமே 2 மடங்கு அழுத்தத்தில் வைத்து, ஆக்சிஜன் அளவை மட்டும் மாற்றினார்கள். ஒரு குழுவுக்கு வெளிக்காற்றில் கிடைக்கும் அதே அளவு, மற்றவர்களுக்குப் பல மடங்கு. முடிவில் குழுக்களுக்கிடையே வித்தியாசம் தெரியவில்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராதவர் தினமும் ஒரே நேரத்துக்குக் குளித்துக் கிளம்பி வருகிறார். ஒரு மணி நேரம் போனில்லாமல், சத்தமில்லாமல் படுத்திருக்கிறார். நேற்று தூங்கினீர்களா என்று ஒருவர் அக்கறையாகக் கேட்கிறார். இரண்டாவது வாரத்தில் அவர் முகமே மாறிவிடும். அந்த முன்னேற்றம் உண்மையானது. ஆனால் அதைக் கொடுத்தது ஆக்சிஜன்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

இஸ்ரேல் ஆய்வில் பலன் கிடைத்ததே?

ஆமாம். 2013இல் 56 பேரிடம் செய்தார்கள், முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழு சிகிச்சை எதுவுமின்றிக் காத்திருந்தது, போலி அறை (அறைக்குள் உட்காரவைத்து, உண்மையான சிகிச்சை தராமல் ஒப்பிடுவது) வைக்கவில்லை. 2022இல் 25 குழந்தைகளிடம் போலி அறையும் வைத்துச் செய்ததில் ஆக்சிஜன் குழு முந்தியது. அதனால்தான் நான் கதவை மூடிவிடவில்லை. ஆனால் 25 பேர் மிகக் குறைவு.

அழுத்தம் எதற்கு? மாஸ்க் போட்டால் போதாதா?

ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கும். அழுத்தம் கூடினால் ரத்த நீரிலேயே அது கரையும். சாதாரணக் காற்றில் 100 மில்லிக்கு 0.3 மில்லி கரைந்திருக்கும். 1.5 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் சுவாசித்தால் சுமார் 3 மில்லி.

பக்கவிளைவு உண்டா அண்ணா? எனக்கு அடிபட்ட பிறகு ஒருமுறை வலிப்பு வந்தது.

வலிப்பு வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அதிக ஆக்சிஜனே அரிதாக வலிப்பைக் கிளப்பும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, அதற்குச் சிகிச்சை செய்யாமல் இருந்தால் உள்ளேயே போகக்கூடாது. அடிக்கடி வருவது காது வலி. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அடைப்பை எடுக்க வேண்டும். ஒரு பெரியவர் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வெளியே வந்து பார்த்தால் செவிப்பறை செக்கச்செவேலென்று இருந்தது. கை தூக்கியிருந்தால் அந்த நொடியே அழுத்தத்தை நிறுத்தியிருப்பேன். அப்புறம், தலையில் எண்ணெயோடு போகாதீர்கள். ஆக்சிஜனில் தீ சட்டென்று பரவும்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பை மாதிரியான அறை?

வேண்டாம். அது 1.3 மடங்கு அழுத்தம்தான் தரும், மலை ஏறுகிறவர்களின் உயர நோய்க்காக வந்தது. பக்கத்தில் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவரும் இருக்க மாட்டார்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். தூக்கம் கெட்டால் மறதியும் எரிச்சலும் கூடும். வலி மாத்திரையை மாதத்தில் எத்தனை நாள் போடுகிறார் என்று எண்ணுங்கள். 10, 15 நாளைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கும். தலைசுற்றலுக்குக் காதின் சமநிலைப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிந்தால் கண்ணைக் காட்டுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. தொந்தரவு கூடாத அளவில் தொடங்கி நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அறைக்குப் போகத் தோன்றினால், முதல் சிட்டிங்குக்கு முன்பே நினைவாற்றல் பரிசோதனை செய்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 20ஆவது சிட்டிங்கில் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். செய்ய மாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.